ஆடிக் காற்றில் அம்மாவின் முடி

உங்களுக்கெல்லாம் எப்படியோ, எனக்குத் தெரியாது. தலைக்குக் குளித்துவிட்டுத் துவட்டும்போது துண்டோடு சேர்ந்து வருகிற முடியைப் பார்த்தால் நான் அப்படியே நின்றுவிடுவேன். கவலை என்று அதைச் சொல்ல மாட்டேன். பயம்தான்.

போன மாதம் விருதுநகரில் ஒரு கல்யாண வீடு. நம் வயதுக்காரிகள், உங்களில் நாலைந்து பேரும் நானும், பந்திக்காக உட்கார்ந்திருந்தோம். பேச்சு எப்படியோ முடிக்கு வந்துவிட்டது. ஒருத்தி, வகிடு விரல் அகலத்துக்குப் போய்விட்டது என்று குனிந்து காட்டினாள். இன்னொருத்தி சவுரி வைத்திருப்பதைச் சொல்லிச் சிரித்தாள். தைராய்டு பார்த்தாயா, ரத்தம் சோதித்தாயா என்று என்னைக் கேட்டார்கள். எல்லாம் பார்த்தாயிற்று. வயதாகும்போது உச்சியில் மெலிவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆனால் யார் சொன்னாலும் கேட்காத பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி எனக்குள் இருக்கிறாள். அவள் கதையைத்தான் அன்று உங்களிடம் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள், எழுந்துவிட்டோம். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கம். மழை பெய்தால் கம்பு, உளுந்து. பெய்யாத வருஷம் வெடி ஆபீஸ். பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அப்பா சாத்தூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றினார். அம்மா வெடி ஆபீசுக்குப் போனாள்.

அம்மாவின் முடி அவிழ்த்துவிட்டால் இடுப்புக்குக் கீழே இறங்கும். வெடிக்குள் அடைக்கிற மருந்துத் தூள் படிந்துவிடக் கூடாது என்று காலையில் அதை இறுக்கிக் கொண்டை போட்டு, மேலே பழைய வேட்டித் துணியைக் கட்டிக்கொண்டு போவாள். சாயங்காலம் வரும்போது புருவமெல்லாம் வெள்ளிப் பொடி மினுங்கும். ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டுக் கொல்லையில் முடியை உலர்த்துவாள். நான் பின்னால் போய் அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். மேலே சீயக்காய் வாசம், அதற்கு அடியில் லேசாகக் கந்தக வாசம். அது இரண்டும் சேர்ந்ததுதான் எனக்கு அம்மா வாசம்.

விடிந்ததும் கம்பெனி வண்டி வரும். எங்களுக்கு முந்தின ஊரில் ஏறுகிறவள் ஒருத்தி அம்மாவுக்கு எப்போதும் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருப்பாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி மதினி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அதனால் எனக்கு அவள் அத்தை. வண்டியிலேயே பார்த்துப் பழகியதால் வண்டி அத்தை.

"ஏ மதினி, கொண்டை போட்டது போதும், வா. டிரைவரு அண்ணன் கொட்டாவி விட ஆரம்பிச்சிட்டாக" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துவாள். நான் வாசலுக்கு ஓடினால், வண்டிக்குள்ளிருந்து கையை நீட்டி என் சடையைப் பிடித்து மெல்ல ஒரு இழுப்பு இழுப்பாள். "அம்மா முடி அப்படியே வந்திருக்குடி ஒனக்கு. எம் மகளுக்குந்தான் இருக்கே, எலி வால் கணக்கா" என்பாள். அவளுக்கு என் வயதில் ஒரு மகள். அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தாள்.

சித்திரைக் கடைசியில், பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த ஒரு முற்பகலில் அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வெடியைச் சோதித்துப் பார்க்கிற சத்தம் தினமும் கேட்பதுதான். இது தரையின் வழியாகக் காலில் ஏறும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் காக்கை கூடக் கத்தாது. அப்புறம் ஊரில் உள்ளவர்கள் எல்லோரும் ஒரே திசையில் ஓடுவார்கள்.

மத்தியானம் அம்மா நடந்தே வந்துவிட்டாள். காலில் செருப்பு இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டு அவள் கையை, முதுகை, காதையெல்லாம் தடவிப் பார்த்தார்கள். "ஒரு கீறல் இல்லையே, சாமி காப்பாத்திருச்சு" என்றார்கள். அம்மா வாசலில் உட்கார்ந்து காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். அழவில்லை. வண்டி அத்தை வரவில்லை. அவளும் அம்மாவும் வேலை பார்த்த அறைக்குள் அந்த நேரத்தில் இருந்தவர்கள் யாரும் வரவில்லை.

அன்றைக்கு அப்பா ஒரு முடிவு எடுத்தார். கெட்ட எண்ணத்தில் எடுத்ததில்லை.

"இந்த வீட்டுல இனிமே அதப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. பேசப் பேசத்தான் மனசுல நிக்கும். நீ அவுக வீட்டுத் துட்டிக்கும் போக வேண்டாம். போனா, நீ மட்டும் எப்படி வந்தேன்னு கேப்பாக. அத நீ தாங்க மாட்டே."

அம்மா சரி என்று தலையை அசைத்தாள். இழவுக்கும் போகவில்லை, கருமாதிக்கும் போகவில்லை. அதற்குப் பிறகு வெடி ஆபீசுக்கும் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து வெடிக்கான காகிதக் குழாய் சுற்றிக் கொடுத்தாள். சோறு பொங்கினாள், என் சடையைப் பின்னினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அப்பா தன் யோசனை பலித்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

ஆடியில் காற்று எழுந்தது. எங்கள் கரிசல் பக்கத்து ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியும். கதவை மூடினாலும் புழுதி சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துவிடும். அந்த மாதம்தான் அம்மாவின் முடி விழ ஆரம்பித்தது.

முதலில் சீப்பில் வந்தது. பிறகு தலையணையில், சோற்றில், சுற்றி வைத்த காகிதக் குழாய்களுக்கு நடுவில். ஒரு நாள் அம்மா கொல்லையில் தலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். விரலை விட்டு உருவினால் விரலோடு கற்றையாக வந்தது. அதைப் பார்த்தாள், சுருட்டி வேலியோரம் போட்டாள், மறுபடியும் விரலை விட்டாள். மறுபடியும் வந்தது. அவள் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேலியில் போட்ட முடி அங்கேயே கிடக்கவில்லை. கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டு ஆடியது. உருண்டையாகிக் காற்றில் உருண்டு வாசலுக்கு வந்தது. நான் ஒரு குச்சியால் அதைத் தள்ளித் தள்ளி வீதி வரைக்கும் கொண்டுபோய் விடுவேன். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே வருவதுபோல இருக்கும். கொல்லைப் பக்கம் தனியாகப் போவதை விட்டுவிட்டேன்.

பெரியம்மாவுக்குச் செய்தி போயிற்று. அம்மாவின் அக்கா அவர். சூலக்கரையிலிருந்து பையோடு வந்து இறங்கினார். அம்மா மேல் அவருக்கு உயிர். வந்த அன்றே சின்ன வெங்காயத்தை நசுக்கி அம்மாவின் தலையில் தேய்க்க ஆரம்பித்தார். அடுத்து கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, எதையெதையோ போட்டுக் காய்ச்சிய எண்ணெய். தேய்க்கத் தேய்க்க மண்டைத் தோல் சிவந்து புண்ணானது. கை வைக்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் முடி வந்தது. "அழுத்தித் தேய்ச்சாத்தான் வேருக்குப் போகும்" என்று பெரியம்மா இன்னும் அழுத்தினார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்திருப்பாள். வெங்காய நெடியில் எனக்குத்தான் கண்ணீர் வரும்.

"இது ஒட்டுவாரொட்டியா இருந்தாலும் இருக்கும். பிள்ளையத் தள்ளிப் படுக்கச் சொல்லு" என்று என் பாயைப் பிரித்துப் போட்டதும் பெரியம்மாதான். எனக்குத் தனிச் சீப்பு வந்தது, தனித் தலையணை வந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் என் சடையை நானே இழுத்துப் பார்த்துக்கொள்வேன். ஒரு முடி கையோடு வந்தாலும் அன்று முழுக்கச் சோறு இறங்காது.

தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"மருந்து ரத்தத்துல ஏறிருச்சாம்ல. மொதல்ல முடி போகும். அப்பறம் பல்லு."

"பல்லுக்கு அப்பறம்?"

"அப்பறம் என்ன, ஆளுதான்."

அன்று முதல் அம்மாவின் பல்லைப் பார்ப்பதே என் வேலையாகிப் போனது. அவள் வாயைத் திறந்தால்தானே பார்க்க முடியும்? சிரிக்க வைக்கப் பார்த்தேன். வாத்தியார் மாதிரி நடந்து காட்டினேன், பூனை மாதிரி கத்தினேன். அம்மா உதட்டை மட்டும் கொஞ்சம் இழுப்பாள். பல் தெரியாது. பல் விழுந்துவிட்டதை மறைக்கத்தான் வாயைத் திறக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்த வீட்டில் அவளைச் சிரிக்க வைக்க முயன்ற ஒரே ஆள் நான்தான். நானும் அதைப் பயத்தினால்தான் செய்தேன்.

வெங்காயத்தில் முடி நிற்கவில்லை என்றதும் பெரியம்மா கோடாங்கியைக் கூட்டி வந்தார். உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர். பகலிலேயே வந்தார். வீட்டு நடுவில் உட்கார்ந்து உடுக்கையை அடித்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் ஆடிவிட்டுச் சொன்னார்:

"கூட வேல பாத்தவ ஒருத்தி தனியாப் போயிட்டா. தனியா இருக்க அவளுக்கு முடியல. தொணைக்குக் கூப்பிடுதா. முடியப் புடிச்சு இழுக்கா. முடி தீந்ததும் ஆள இழுத்துருவா."

என் சடையைப் பிடித்து இழுத்த அந்தக் கை ஞாபகத்துக்கு வந்தது.

அதற்குப் பிறகு காலையில் கம்பெனி வண்டியின் ஹாரன் கேட்டாலே தானியம் கொட்டி வைக்கிற குலுக்கைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். வண்டி போன பிறகும் வெளியே வர மாட்டேன். வண்டி அத்தையின் முகம் எனக்கு மறந்தே போனது. ஒரு கை மட்டும் மிச்சமிருந்தது. செத்துப் போனவளை நினைத்து நான் அழுதிருக்க வேண்டும். அழுவதற்குக்கூட அவளை எனக்கு விட்டுவைக்கவில்லை. அந்தப் பெரியவர்களில் யாரும் இப்போது இல்லை, யாரிடமும் கேட்கவும் முடியாது.

கோடாங்கி சொன்னபடி ஒரு வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதுக்கு அம்மாவை அவருடைய இடத்துக்குக் கூட்டிப் போனோம். ஊருக்கு வெளியே ஒரு புளியமரம். அடிமரத்தைச் சுற்றிலும் ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கற்றை முடி. பேய் பிடித்தவர்களின் உச்சி முடியை மரத்தில் வைத்து ஆணி அடித்து, முடியை அறுத்துவிட்டால் பேய் மரத்தோடு தங்கிவிடும் என்பது நம்பிக்கை. பழைய முடியெல்லாம் வெயிலில் தேங்காய் நார் நிறத்துக்கு வந்திருந்தது. காற்றடிக்க அடிக்க மரமே மூச்சு விடுவதுபோல அவை எழும்பி அடங்கின. நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் நிறையக் கூட்டம்.

அம்மாவை மரத்தடியில் நிறுத்தினார்கள். உடுக்கைச் சத்தம் ஏறியது. "யாருலே நீ? பேரச் சொல்லு!" என்று கோடாங்கி அம்மாவைப் பார்த்துக் கத்தினார். "சொல்லுலே!" அம்மா தரையைப் பார்த்தபடி நின்றாள். கோடாங்கி ஒரு கையில் ஆணியை எடுத்துக்கொண்டு, இன்னொரு கையில் அம்மாவின் உச்சி முடியைச் சுற்றிப் பிடித்து மரத்தை நோக்கி இழுத்தார்.

முடி கையோடு வந்துவிட்டது. முழுக் கற்றையும். சத்தமே இல்லை. அம்மா "ஆ" என்றுகூடச் சொல்லவில்லை. வலித்திருந்தால் தானே?

உடுக்கை நின்றது. கோடாங்கி தன் கையைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் வைத்தார். அவரும் பயந்துவிட்டார் என்பதை நான் பார்த்தேன். பேயை விரட்டுகிறவரே பயந்தால் அப்புறம் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? கூட்டத்தில் ஒருத்தி "போயிருச்சு, போயிருச்சு" என்று குலவை போட்டாள். கோடாங்கி சுதாரித்துக்கொண்டார். "அம்புட்டு லேசுல போகாது. இன்னும் மூணு வெள்ளி வரணும்" என்றார்.

அம்மா கையைத் தூக்கி உச்சியைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே வெறும் தோல். பிறகு அப்பாவைப் பார்த்து, கடைக்குப் போன இடத்தில் கேட்பதுபோல மெல்லக் கேட்டாள்.

"ஏங்க, வீட்டுக்குப் போவமா?"

அப்பா முன்னால் போனார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அம்மாவின் தலையில் போட்டு மூடினார். பிறகு கோடாங்கியிடம் கையை நீட்டினார்.

"அதக் குடுங்க."

"அத வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுப்பா. அது இங்கனதான் இருக்கணும்."

"எம் பொண்டாட்டி முடி. குடுங்க."

கோடாங்கி கொடுத்துவிட்டார். வரும் வழியெல்லாம் பெரியம்மா திட்டிக்கொண்டே வந்தார். "பாதியில விட்டுட்டு வாரீகளே, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன செய்வீக?" என்றார். அப்பா அந்த முடியைச் சட்டைப் பைக்குள் வைத்து, பையை ஒரு கையால் பொத்திக்கொண்டே நடந்தார்.

மறுநாள் காலையில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சாத்தூர் பஸ்ஸில் ஏறினோம். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. வரிசை வாசல் வரை நின்றது. எங்கள் முறை வந்தபோது அவர் களைத்துப் போயிருந்தார். ஆனாலும் அம்மாவின் துண்டை அவசரப்படாமல் எடுத்தார். சில முடிகளை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மெல்ல உருவினார். வந்த முடியின் நுனியை வெளிச்சத்தில் பார்த்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"காய்ச்சல் ஏதாவது வந்துச்சா? பிரசவம், கருச்சிதைவு?"

அம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னால வீட்ல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலைங்கம்மா" என்றார் அப்பா.

"நான் அவங்களைக் கேட்டேன்."

அம்மாவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. டாக்டரம்மா அப்பாவைப் பார்த்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொஞ்சம் வெளியே இருங்கள் என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அது அம்மா என்றே எனக்குத் தெரியவில்லை. கன்றை இழந்த மாடு கத்துவதுபோல இருந்தது. அம்மா செத்துப் போகிறாள் என்று நினைத்து எழுந்து ஓடப் பார்த்தேன். அப்பா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது என் முதுகில் தெரிந்தது.

பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். அம்மாவின் முகம் வீங்கியிருந்தது. உயிரோடு இருந்தாள். டாக்டரம்மா அப்பாவிடம் பேசினார்.

"முடி கொஞ்ச காலம் வளரும், கொஞ்ச காலம் ஓய்வில இருக்கும், அப்புறம் விழும். எல்லாருக்கும் அப்படித்தான். பெரிய காய்ச்சல், பிரசவம், இவங்களுக்கு வந்தது மாதிரி பெரிய அதிர்ச்சி ஏதாவது வந்தா, ஏராளமான முடி ஒரே சமயத்துல ஓய்வுக்குப் போயிடும். போனது உடனே விழாது, ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் விழும். அதனாலதான் எதனால விழுதுன்னு யாருக்கும் பிடிபடறதில்ல. வேர் சாகலை. அடியில முளைக்கிற புது முடிதான் பழசை வெளிய தள்ளுது."

"அப்ப மருந்து ரத்தத்துல ஏறல?"

"ஏறலை. பேயும் பிடிக்கலை. வெங்காயம் தேய்க்கிறதை நிறுத்துங்க, தோல் புண்ணாகியிருக்கு. ரத்தம் கம்மியா இருக்காங்க, மாத்திரை தரேன். பருப்பு, கீரை, முட்டை கொடுங்க. இன்னும் கொஞ்ச நாள் விழும், பயப்படாதீங்க. அவங்களைப் பேச விடுங்க."

"பேசினா முடி நின்னுருமாம்மா?"

"முடிக்காகச் சொல்லலை" என்றார் டாக்டரம்மா. "அவங்களுக்காகச் சொல்றேன்."

பெரியம்மா நம்பவில்லை. இரண்டு நாள் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு ஊருக்குப் போனார். நானும் நம்பவில்லை என்பதுதான் உண்மை. டாக்டரம்மா சொன்னது எல்லாம் காதில் விழுந்திருந்தது. ஆனால் மறுநாள் காலையிலும் தலையணையில் முடி கிடந்ததே! ஆவணியிலும் விழுந்தது. என் பாயைத் திரும்ப அம்மா பக்கத்தில் போட்டுக்கொண்டேன். ஆனாலும் அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

புரட்டாசியில் ஒரு நாள் வெயிலில் உட்கார்ந்து அம்மா குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். தலைத்துணி பின்னுக்குச் சரிந்திருந்தது. அவள் நெற்றி விளிம்பில் ஏதோ புகைபோலத் தெரிந்தது. கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். பொடிப் பொடியாக முடி, நெட்டுக்குத்தாக நின்றது. விரலால் தொட்டுப் பார்த்தேன். அம்மா அசையாமல் இருந்தாள்.

அந்த வாரம்தான் வண்டி டிரைவர் எங்கள் வாசலில் இறங்கி அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். வண்டி அத்தையின் மகளுக்கும் இரண்டு மாதமாக முடி கொட்டுகிறதாம். பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்களாம். "அம்மாக்காரி பிள்ளையக் கூப்பிடுதான்னு ஊருக்குள்ள பேச்சு. வார வெள்ளிக்கிழம புளியமரத்துக்குக் கூட்டிட்டுப் போறாகளாம்."

அம்மா மடியிலிருந்த காகிதத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"நான் போயிட்டு வாரேன்."

"அவுக ஏதாச்சும் கேட்டா?" என்றார் அப்பா.

"கேக்கட்டும்."

அப்பா தடுக்கவில்லை. என்னைப் பார்த்து, "நீயும் அம்மா கூடப் போ" என்றார். நான் பயப்படுகிற வீடு அது. அந்தக் கை இருக்கிற வீடு. காட்டு வழியில் அம்மாவின் சேலையைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

வண்டி அத்தையின் புருஷன், எனக்கு மாமா முறை, வாசலில் நின்று கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் கயிறு கையிலிருந்து நழுவியது. நீ மட்டும் எப்படி வந்தாய் என்று கேட்கப் போகிறார் என்று நான் அம்மாவின் சேலையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"வா தங்கச்சி" என்றார். "இம்புட்டு நாளா நீ ஏன் வரலைன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மகள் உள்ளே மூலையில் இருந்தாள். தலையில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் இன்னும் மூலைக்குள் ஒடுங்கினாள். அவள் முகத்தில் இருந்தது எனக்குத் தெரிந்த பயம். அம்மா தவழ்வதுபோல அவள் பக்கத்தில் போய், தன் தலைத்துணியை அவிழ்த்தாள். உச்சியில் வழுக்கையும், ஓரத்தில் பொடி முடியும், பின்னால் தொங்கிய பழைய முடியுமாக எல்லாம் தெரிந்தது. வேறு ஒரு ஆளுக்கு அவளாகவே அதைக் காட்டியது அதுதான் முதல் தடவை.

"தொட்டுப் பாரு."

அவள் தயங்கித் தயங்கி விரலை வைத்தாள்.

"குத்துது" என்றாள்.

"குத்தும். புதுசா மொளைக்குதுல்ல. ஒனக்கும் மொளைக்கும். ஒங்கம்மா இழுக்கலடி தங்கம். அவ யாரையும் இழுக்க மாட்டா. பெரிய துக்கம் வந்தா இப்படிக் கொட்டுமாம், டாக்டரம்மா சொன்னாக. அவ போனதுக்கு நாம ரெண்டு பேரும் அம்புட்டுப் பயந்திருக்கோம், அம்புட்டுத்தான்."

மாமா நிலைப்படியில் வந்து நின்றார்.

"தங்கச்சி, கடேசியா என்ன சொன்னா?"

அம்மா ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லியிருப்பாள். நாங்கள் கேட்டதில்லை. இப்போது எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"தாகமா இருக்கு மதினின்னா. நீ போயித் தண்ணி மோந்துட்டு வா, ஒம் பங்கையும் நான் சேத்துப் பாக்கேன்னா. நான் தொட்டிக்கிட்ட நின்னு மோந்துக்கிட்டிருந்தேன்ணே. செம்பு பாதிகூட நெறையல."

மாமா சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார். மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, எங்கம்மா பயந்திருப்பாகளா?"

"தெரியலயே தாயி. நான் பயந்தேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு."

மகள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினாள். ஏன் கொண்டுவந்தாள் என்று நான் இத்தனை வருஷத்தில் அவளிடம் கேட்டதில்லை. அம்மா வாங்கி, நிறுத்தாமல் குடித்தாள். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. அப்போதுதான் வண்டி அத்தையின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது, கொட்டாவி விடுவதுபோல வாயைக் கோணிக் காட்டிச் சிரிக்கிற முகம். நான் அழ ஆரம்பித்தேன்.

அவளுக்கும் முடி வந்தது, அம்மாவுக்கும் வந்தது. அம்மாவுக்கு முன் நெற்றியில் மட்டும் நரையாக முளைத்தது. பழைய அடர்த்தி திரும்பவில்லை. வண்டி அத்தையின் மகள் இப்போது சிவகாசியில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள். வாரம் ஒரு முறையாவது போனில் பேசிக்கொள்கிறோம். என் பயம் மட்டும் எங்கேயும் போகவில்லை. துண்டில் முடியைப் பார்த்தால் முதலில் பல்லை நாக்கால் தடவிப் பார்க்கிறேன். நம்ப மாட்டீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் புளியமரத்துக்குப் போகவில்லை. அம்மாதான் அத்தை மகளைச் சாத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நானும் போனேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் அவள் அம்மாவின் மடியில் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவள் முடி உதிர்ந்து அம்மாவின் சேலையில் ஒட்டியது. அம்மா அதைத் தட்டிவிடாமல் அப்படியே வைத்துக்கொண்டு சாத்தூர் வரை வந்தாள்.